பச்சைக் குழந்தைக்குக் கால் நடுங்கினால் வலிப்பா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். பெண் குழந்தை, பிறந்து 17 நாள் ஆகிறது, அம்மா வீட்டில் இருக்கிறேன். பசித்து அழும்போது கால் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்குகிறது, தாடையும் சேர்ந்து ஆடுகிறது. காலைப் பிடித்தால் நின்றுவிடும், பயப்படாதே என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா சொன்னார், அப்படியே நிற்கவும் செய்கிறது. ஆனால் தூக்கத்தில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. அப்போது பிடித்தால் நிற்கவில்லை, இன்னும் அதிகமாகிறது. மாமியார் இது மாந்தம், ஒரு சங்கு கழுதைப்பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். ராத்திரி முழுக்கக் குழந்தையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது டாக்டர்?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: விழித்திருக்கும்போது வருவதையும் தூக்கத்தில் வருவதையும் நீங்களே பிரித்து எழுதிவிட்டீர்கள் அம்மா, அதனால் எனக்குச் சொல்வது சுலபம். இரண்டும் வேறு வேறு.

அழும்போது வருவது நடுக்கம். குளிப்பாட்டித் துண்டில் போட்டதும் பாருங்கள், தாடை படபடக்கும், கால் இரண்டும் ஒரே வேகத்தில் சின்னச் சின்னதாக ஆடும். துணி மாற்றும்போது பாதம் உங்கள் மடியில் பட்டால்கூட நாலைந்து தடவை டக் டக்கென்று அடித்துவிட்டு நிற்கும். கை காலை அடக்கி ஆளும் பக்குவம் மூளைக்கும் நரம்புக்கும் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். முழங்காலை மெல்ல மடக்கி உள்ளங்கையால் பிடித்தால் நின்றுவிடும், வாயில் விரலையோ மார்பையோ கொடுத்தாலும் நிற்கும். வலிப்பு அப்படி நிற்காது, நீங்கள் பிடித்திருக்கும்போதே உங்கள் கைக்குள் வெட்டுவது தெரியும். நடுக்கத்தில் கால் போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றாக இருக்கும், வலிப்பில் வெடுக்கென்று இழுத்து மெதுவாக விடும்.

சரி, தூக்கத்தில் மட்டும் ஏன் பிடித்தால் நிற்கவில்லை? பல தாய்மார்கள் பயந்துபோவது இங்கேதான், நர்ஸ் சொன்ன சோதனை தப்பு இல்லை, அது விழித்திருக்கும் குழந்தைக்கு உரியது. தூக்கத்தில் மட்டும் கை கால் வெட்டுகிற ஒரு வகை உண்டு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் தொடங்கும், சில மாதத்தில் தானாகப் போய்விடும். அதை இறுக்கிப் பிடித்தாலோ தொட்டிலை ஆட்டினாலோ கூடும். அதனால் அப்போது காலைப் பிடிக்காதீர்கள், குழந்தையை எழுப்புங்கள். போர்வையை எடுத்து, உள்ளங்காலைத் தேய்த்து, கூப்பிடுங்கள். கண் விழித்ததும் சட்டென்று நின்று, குழந்தை வழக்கம்போல உங்களைப் பார்த்துப் பால் தேடினால் அது வலிப்பு இல்லை. எழுந்த பிறகும் தொடர்ந்தால் உடனே காட்ட வேண்டும். எப்படியானாலும் ஒரு தடவை போனில் வீடியோ எடுத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், முகமும் கண்ணும் தெரிகிற மாதிரி, துணியை விலக்கிவிட்டு. அரை மணி நேரம் வாயால் விளக்குவதைவிட அரை நிமிட வீடியோ எங்களுக்கு உதவும்.

நடுக்கத்துக்குப் பின்னால் காரணம் இருக்கிற குழந்தைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், குழந்தை எடை குறைந்தோ நாள் முந்தியோ பிறந்திருந்தால், முதல் இரண்டு மூன்று நாள் பால் சரியாகக் கிடைக்காமல் போனால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம் வரும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். கால்சியம் குறைந்தாலும் வரும், அதிலும் அம்மாவுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்து, குழந்தைக்குப் பசும்பாலும் கொடுத்திருந்தால், முதல் வாரக் கடைசியில் நிஜமான வலிப்பே வரலாம். பசும்பாலில் பாஸ்பரஸ் அதிகம், பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, அது கால்சியத்தைக் கீழே இழுத்துவிடும். தாய்ப்பால் பற்றவில்லை என்று பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிற வீடுகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

கழுதைப்பால் வேண்டாம். தெருவில் கறந்து காய்ச்சாமல் சங்கில் ஊற்றுகிற பாலில் என்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, வலிப்பை அது தடுக்கவும் செய்யாது. தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வசம்பு உரைத்த மருந்தும் அப்படியே. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அவருக்கும் பேத்தி மேல் பயம்தான், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், மருத்துவர் வாயால் கேட்கட்டும்.

எப்போது ஓட வேண்டும்? கண் ஒரு பக்கமாகச் செருகி நின்றால், ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் தாளம் போடுவதுபோல விடாமல் வெட்டினால், பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தால், காலைச் சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டிக்கொண்டு முழித்தபடி இருந்தால், உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால். இல்லை, நடுக்கமே இல்லாமல் குழந்தை துவண்டு போய்ப் பால் குடிக்கவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டுவிட்டது என்றாலும்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். போகும் வழியில் குழந்தையை உங்கள் நெஞ்சோடு ஒட்டி, மேலே போர்த்திக்கொள்ளுங்கள், குளிர்ந்துவிடக் கூடாது.

அப்புறம், இன்று ராத்திரி இரண்டு மணி நேரமாவது குழந்தையை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். பச்சை உடம்பு.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். முன்பு சத்தம் கேட்டால் கையை விரித்துத் தூக்கிவாரிப் போடுவான். இப்போது தூங்கி எழுந்ததும், சத்தமே இல்லாமல், தலையைக் குனிந்து கும்பிடு போடுவதுபோல் செய்கிறான், ஐந்தாறு தடவை வரிசையாக. இதுவும் சாதாரணம்தானே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை தம்பி, இதைச் சாதாரணம் என்று விடாதீர்கள். சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது நாலு முதல் ஆறு மாதத்துக்குள் மறைய வேண்டியது. எழுந்ததும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில விநாடி விட்டு விட்டுக் கும்பிடுவது குழந்தைப் பருவ வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனுக்கு இப்படி வருவதைப் பார்த்து, வழி தெரியாமல் ‘லான்செட்’ இதழுக்கு எழுதினார், அவர் பெயரால்தான் இதை இன்றும் வெஸ்ட் நோய் என்கிறோம். அவருக்கு அன்று மருந்து இல்லை, நமக்கு இருக்கிறது, ஆனால் சீக்கிரம் தொடங்கினால்தான் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பாற்ற முடியும். நாளைக் காலை அவன் எழும்போது போனைத் தயாராக வைத்து வீடியோ எடுங்கள், எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாளையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய், மூளை அலையைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.