லிப்போசோமலா, நானோவா? முதலில் எத்தனை மி.கி. என்று பாருங்கள்

தினமும் 1000 மி.கி. விட்டமின் சி மாத்திரை போட்டால் வயிற்றுப்போக்கு ஆகிறது, லிப்போசோமலுக்கு மாறவா நானோவுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் லிப்போசோமல் என்பேன். அதில், நம் செல் சவ்வைப் போலவே பாஸ்போலிப்பிட் கொழுப்பு இரண்டு அடுக்காகச் சூழ்ந்து விட்டமினைப் பொதிந்து வைத்திருக்கும். நானோ என்றால் துகள் மிக மிகச் சிறியது என்று மட்டும்தான் அர்த்தம்; பல லிப்போசோம்களே (இந்தக் கொழுப்பு உறைகளே) அந்த அளவுதான். எதனால் ஆன துகள் என்று லேபிளில் இல்லாத ‘நானோ’வை வாங்காதீர்கள்.

ஆனால் 1000 எதற்கு? பெரியவர்களுக்கு நாளுக்கு 75–90 மி.கி. போதும். 1 கிராமைத் தாண்டினால் பாதிகூட உடம்பில் சேராது. மிச்சம் குடலில் தங்கி நீரை இழுக்கும். முதலில் சாதாரண மாத்திரையையே 100 மி.கி. அளவில் எடுத்துப் பாருங்கள், வயிறு அடங்கிவிடலாம். அப்புறம், சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.