இந்தோனேசியா: விடுதலை 1945-இலா, 1949-இலா?

தம்பி, கட்டுரையில் எந்த ஆண்டைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 1945 ஆகஸ்ட் 17 என்றே போடுங்கள். இந்தோனேசியர்கள் விடுதலையை அறிவித்த நாள் அது, அந்த மக்கள் கொண்டாடுவதும் அதைத்தான். 1949 டிசம்பர் 27, அவர்களை ஆண்டுவந்த நெதர்லாந்து (டச்சுக்காரர்களின் நாடு) ஆட்சியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாள். ஆனால் நடுவில் டச்சுக்காரர்களோடு நடந்த நாலு வருஷப் போரை ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள், நாடு உருவானதே அங்கேதான்.

சுரபாயாவில் ஒரு ஹோட்டல் கூரையில் டச்சுக் கொடி ஏறியதும் இளைஞர்கள் மேலே ஏறி, அதன் நீலப் பட்டையைக் கிழித்து எறிந்தார்கள். மிஞ்சிய சிவப்பும் வெள்ளையும் அவர்களுடைய கொடி ஆகிவிட்டது! 1948 டிசம்பரில் டச்சுப் படை புதுக் குடியரசின் தலைநகரமாக இருந்த யோக்யகர்த்தாவைப் பிடித்தது. குடியரசுத் தலைவர் சுகர்ணோவும் துணைத் தலைவர் ஹத்தாவும் கைதானார்கள். காசநோயோடு இருந்த தளபதி சுதிர்மானைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் அலைந்து கெரில்லாப் போர் நடத்தினார்கள். தலைவர்கள் சிறையில் இருந்தபோது நாட்டைக் காத்தது நாங்கள்தான் என்ற எண்ணம் ராணுவத்துக்கு வந்தது இதில்தான். பின்னாளில் அது அரசியலில் இறங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பேன்.

அப்புறம், கடனை விட்டுவிடாதீர்கள். 1949-இல் ஆட்சியைக் கொடுத்தபோது, சுமார் 430 கோடி கில்டர் (டச்சு நாணயம்) காலனி அரசின் கடனைப் புது நாட்டின் தலையில் கட்டினார்கள். என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத அநியாயம் அது.