மரப்பிடி போட்ட ஓப்பினெல் மடக்குக் கத்தி இவ்வளவு மலிவாக இருக்கிறதே, நம்பி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, அதனால் பலர் இதை மட்டமாக நினைத்துவிடுகிறார்கள். ஒரு தக்காளியை நறுக்கிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

காரணம் அலகின் மெல்லிய வடிவம். விலை கூடிய மடக்குக் கத்திகள் பலவற்றில் அலகு தடிமனாக இருக்கும். ஆப்பிளை வெட்டினால் பழம் பிளந்து உடையும். இதிலோ வழுக்கிக்கொண்டு இறங்கும். கூர்மை என்பது விளிம்பில் மட்டும் இல்லை, விளிம்புக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-ல் உருவாக்கிய கத்தி இது. 1955-ல் பூட்டு வளையம் சேர்ந்தது. அலகை விரித்து வளையத்தைத் திருப்பிவிட்டால் விரல்மேல் மடங்காது. முதலில் 8-ஆம் எண் வாங்குங்கள். அலகு எட்டரை சென்டிமீட்டர், கைக்கு அடக்கமாக இருக்கும்.

குறையும் உண்டு. பிடி பெரும்பாலும் பீச் (beech) மரம். ஈரம் பட்டால் உப்பி, அலகைத் திறக்கவே விடாது. அப்போது பிடியின் பின்முனையை மேசையில் லேசாகத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். கார்பன் எஃகு அலகுள்ள வகையில் எலுமிச்சை பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் பையிலேயே வைத்திருப்பீர்கள் என்றால் ஸ்டெயின்லெஸ் வகையையே எடுங்கள். அப்புறம், நெம்புவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள், மெல்லிய முனை ஒடிந்துவிடும்.