மூடியைத் திறந்து பார்ப்போம்: பெரிய எஞ்சின் வருதாமே?

(அமெரிக்காவில் 26 வருடம் டீசல் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணா, டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். பிக்கப்பின் பின் தளத்தில் மாட்டி இழுக்கும் 12,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதை இழுக்க ராம் 2500 டீசல் பிக்கப்புக்கு முன்பணம் கட்டப் போன நேரத்தில், "பொறுடா, 6.7 போய் 7.2 லிட்டர் கம்மின்ஸ் வருது" என்று நண்பர்கள் தடுத்துவிட்டார்கள். உண்மையா? காத்திருக்கவா?

தம்பி, உங்கள் நண்பர்கள் காற்றில் பிடித்த செய்தி இல்லை இது. ராமுக்கு டீசல் எஞ்சின் செய்து கொடுக்கும் கம்மின்ஸ் கம்பெனி 7.2 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றை அறிவித்தது நிஜம். ஆனால் அறிவித்தது நடுத்தர லாரிகளுக்கு. பிக்கப்பின் பெயரை அதோடு ஒட்டவைத்தது ஊர்வாய். நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். டீசல்காரனிடம் அது செல்லாது. நெருப்பு சரியாகப் பிடிக்காதபோதுதான் எங்கள் எஞ்சின் அதிகமாகப் புகையும்.

சரி, வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 7.2 என்றால் இழுவை கூடிவிடும் என்றுதானே காத்திருக்கச் சொல்கிறார்கள்? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பழைய கணக்கைப் பாருங்கள். 1989 மாடலில் டாட்ஜ் ராமுக்கு (இன்றைய ராமின் பழைய பெயர்) 5.9 லிட்டர் கம்மின்ஸ் வந்தபோது 160 குதிரைத்திறன், 400 பவுண்ட்-அடி டார்க் (முறுக்குவிசை). அதே 5.9 பிக்கப்பிலிருந்து விடைபெற்றபோது 325 குதிரைத்திறன், 610 பவுண்ட்-அடி. பதினெட்டு வருடத்தில் திறன் இரு மடங்கு, கொள்ளளவு மட்டும் அப்படியே. 6.7-ம் அதே கதைதான். 350 குதிரைத்திறன், 650 பவுண்ட்-அடியில் தொடங்கி 2025 மாடலில் 430, 1,075 என்று நிற்கிறது. லிட்டர் மாறவே இல்லை. காற்றை நெருக்கி உள்ளே திணிக்கும் டர்போவும் எரிபொருள் தெளிக்கும் அழுத்தமும்தான் அத்தனையையும் கொடுத்தன.

அப்படியானால் 5.9 எதற்காக 6.7 ஆனது? எப்போது ஆனது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 2007. புகை விதிகள் இறுகி, புகைக்குழாயில் கரி வடிகட்டி வந்த வருடம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விட்டால் உள்ளே சூடு குறையும். புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். நல்லதுதான். ஆனால் சாப்பிட்டு முடித்தவர்களே எழுந்திருக்காமல் பந்தியில் உட்கார்ந்திருந்தால் புதிதாக வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? அதே எண்ணிக்கை ஆட்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமானால் பந்தியை நீட்டத்தான் வேண்டும். அதனால் சிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆனது, பிஸ்டன் ஓட்டம் 120-லிருந்து 124.

இப்போது அடுத்த படி. 2022 டிசம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு, 2027 மாடலிலிருந்து கனரக எஞ்சின்களின் நைட்ரஜன் ஆக்சைடு அளவை ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.20 கிராமிலிருந்து 0.035-க்குக் குறைக்கச் சொல்லி விதி எழுதியது. அந்த விதியை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான் 7.2. எஞ்சின் பெருத்தால் நான் முன்பக்கம் பார்க்க மாட்டேன், பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்ப்பேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சின் வதந்தியை விட முக்கியமானது அதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். 2500 டீசலில் வண்டியும் பாரமும் சேர்ந்து 10,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை வண்டி என்றால், டீசல் எஞ்சினின் கனமும் சேர்ந்து, கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 2,000 பவுண்ட்தான். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் பின் அச்சின் மேல் உட்கார வைக்கும். 12,000-க்கு அது 2,400. கொக்கிச் சாதனம் தனி. நீங்கள், மனைவி, பிள்ளைகள், ஐஸ் பெட்டி எல்லாம் இன்னும் ஏறவே இல்லை!

எஞ்சின் அதை இழுக்கும், சந்தேகமே வேண்டாம். தாங்க வேண்டியது ஸ்பிரிங்கும் அச்சும் டயரும். நாளைக்கே 7.2 வந்து, அது 50 பவுண்ட் கூடுதலாகக் கனத்தால், அந்த 50 பவுண்டும் உங்கள் சாமான் கணக்கிலிருந்துதான் கழியும். காத்திருக்க வேண்டாம். 2500-ஐ விட்டுவிட்டு, கூடுதல் பாரம் தாங்கும் 3500-ஐப் பாருங்கள், இன்றைய 6.7-ஓடே. இன்னொரு நன்மை: 2025 மாடலில் காற்றைச் சூடாக்கும் பழைய கிரிட் ஹீட்டரை எடுத்துவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக் வைத்துவிட்டார்கள். அந்த ஹீட்டரின் போல்ட் சூட்டில் தேய்ந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடுமோ என்று பழைய வண்டிக்காரர்கள் பயப்படுவார்களே, அந்தப் பயம் உங்களுக்கு இல்லை.

ஃபோர்டில் 7.3 டீசல் திரும்பி வந்துவிட்டதாமே?

வந்தது 7.3, டீசல் அல்ல. 2020 மாடலில் வந்தது பெட்ரோல் வி8. 1994 முதல் 2003 வரை ஓடிய பழைய 7.3 பவர்ஸ்ட்ரோக் டீசலின் மேல் ஆட்களுக்கு அப்படி ஒரு காதல். எண்ணைக் கேட்டதுமே உருகிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஃபோர்டு டீசல் 6.0-க்கு இறங்கி, 6.4 ஆகி, 2011-லிருந்து 6.7-ல் நிற்கிறது. இறங்கிய 6.0-வுக்கே 7.3-ஐ விடத் திறன் அதிகம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் டீசல் பிக்கப்புக்கு மேட்டில் புல்லிங்கே இல்லை. பெரிய எஞ்சின் வரும்வரை ஓட்டிவிட்டு மாற்றிவிடலாமா?

குதிரை டிரெய்லர் இழுக்கிற ஒருவர் இதையேதான் சொல்லிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். புது வண்டிக்கு விலைப் பட்டியல் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். என்ன கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம். வேறொரு இடத்தில் டர்போவே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நின்ற இடத்தில் முறுக்கிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தோம். மேம்பாலம் ஏறும்போது பக்கத்து சீட்டில் எனக்கு மெல்லிய சீறல் கேட்டது, சைக்கிள் ட்யூபில் முள் குத்தினால் வருமே, அப்படி.

திரும்பி வந்து, டர்போ நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினேன். விரல் நுனியில் எண்ணெயும் கரியும் கலந்த கறுப்பு. கிளாம்ப் ஓரமாக நகத்தளவுக்கு ஒரு கிழிசல். சும்மா நிற்கும்போது அது வாயை மூடிக்கொண்டு சாதுவாக இருக்கும். பாரம் ஏறி டர்போ காற்றை நெருக்கும்போதுதான் திறக்கும். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினோம். மனிதர் அந்த விலைப் பட்டியலை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதன் பின்பக்கத்தில் ரொம்ப நாள் உதிரிபாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஹோஸ், அப்புறம் டீசல் ஃபில்டர், அப்புறம் ஏர் ஃபில்டர். அதன் பிறகும் மூச்சு வாங்கினால் எழுதுங்கள்.

மாதம் ஒரு எஞ்சின் வதந்தி வருகிறது. எதை நம்புவது?

படத்தை நம்பாதீர்கள். 7.2 என்று ஒரு பட்டையை ஒட்டிப் படம் எடுக்கப் பத்து நிமிடம் போதும். காகிதத்தை நம்புங்கள். இங்கே விற்கும் பிக்கப்புகளின் 17 எழுத்து வண்டி எண்ணில் எட்டாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும், பத்தாவது மாடல் வருடத்தை. எந்த எழுத்துக்கு எந்த எஞ்சின் என்ற பட்டியலைக் கம்பெனிகள் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். புது எஞ்சின் பல தடவை அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

மைலேஜ் பற்றி வரும் வதந்திக்கு அப்படிச் சரிபார்க்க வழியில்லை. 8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை உள்ள பிக்கப்புகளுக்கு அரசாங்க மைலேஜ் லேபிளே ஒட்டுவதில்லை. அதனால்தான் ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். டிரெய்லர் மாட்டாமல் ஓட்டியதா, மாட்டி ஓட்டியதா என்று கேளுங்கள், பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள்.

கரி வடிகட்டி, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவின் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் என் பழைய எஞ்சினே புதுசு மாதிரி இழுக்குமாமே?

கழற்ற மாட்டேன், எப்படிக் கழற்றுவது என்றும் சொல்ல மாட்டேன். இங்கே அது சட்டத்துக்கு விரோதம். ராம் பிக்கப் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற வழக்கில் கம்மின்ஸ் நிறுவனமே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அவர்களுக்கே அந்தக் கதி. உங்களுக்கு என்ன வக்கீல் இருக்கிறார்?

அண்ணா, என் கணவர் எஞ்சின் பெரிதாவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "பழைய கம்மின்ஸின் கடகட சத்தம் திரும்ப வருமா" என்றுதான் ஏங்குகிறார். வருமா?

வராது அம்மா. 2003 மாடலில் காமன் ரெயில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் முறை) வந்ததோடு அது போயிற்று. பெரிய சொட்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சொட்டு டீசலைத் தெளித்து நெருப்பை மெதுவாக மூட்டிவிடுவார்கள்; அதனால் அந்தத் தட்டல் அடங்கிவிட்டது. ஆசை விடவில்லையென்றால் 1998-க்கு முந்தைய 12 வால்வு வண்டி ஒன்றைத் தேடிப் பிடிக்கட்டும். காலை ஐந்தரைக்கு மட்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நான் வைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி கடைசிவரை என்னிடம் பேசவில்லை.