என்.பி.வி. அடித்தும் புழு கொழுக்கிறதே, ஏன்?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் கொண்டைக்கடலை போட்டிருக்கிறேன். 45 நாள் பயிர், பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. பச்சைக் காய்ப்புழுவுக்கு, புழுவை நோயாக்கிக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் வாங்கிக் காலை பத்து மணி வாக்கில் அடித்தேன். நான்கு நாள் ஆகியும் புழு தின்றுகொண்டேதான் இருக்கிறது. சில புழுக்கள் முன்னைவிடப் பெருத்த மாதிரி தெரிகிறது. மருந்து போலியா? கெமிக்கல் அடித்துவிடலாமா?
- உடுமலைப்பேட்டை வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: வணக்கம் ஐயா. நான்கு நாளை வைத்து மருந்து போலி என்று சொல்லிவிட முடியாது. இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். அதுவரை கெமிக்கல் வேண்டாம்.

பூச்சிக்கொல்லி பட்டால் புழு சீக்கிரம் சுருண்டு விழும். வைரஸ் அப்படி வேலை செய்யாது, புழு அதைத் தின்றாக வேண்டும். இலையோடு உள்ளே போன வைரஸ் உறைகள் குடலின் காரத்தன்மையில் கரைகின்றன. வெளிவரும் வைரஸ் முதலில் குடல் செல்களைத் தாக்கி, பிறகு கொழுப்புத் திசு வரை பரவிப் பெருகுகிறது. சின்னப் புழு சாகவே ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும்.

புழு பெருத்தது உங்கள் கண்மயக்கமாக இல்லாமலும் இருக்கலாம். நல்ல புழு ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கு முன்பும் தீனியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். வைரஸ் அந்த ஓய்வைக் கொடுப்பதில்லை. அது செய்கிற ஒரு நொதி, தோலுரிக்கத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனோடு சர்க்கரையைப் பிணைத்து அதை முடக்கிவிடும். புழு தோலும் உரிக்காது, கூட்டுப்புழுவாகவும் மாறாது, அதே பருவத்தில் நின்று தின்றுகொண்டிருக்கும். உடம்பு பெருத்தால் வைரஸ் பெருகவும் இடம் கூடுகிறது, லாபம் அதற்குத்தான். ஓ'ரெய்லி, மில்லர் என்ற இருவர் 1989இல் வேறொரு புழு வைரஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய வைரஸ் புழுவைச் சீக்கிரமே கொன்றது, புழு தின்றதும் குறைந்தது. ஆகவே இப்போது கொஞ்சம் இலை போவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நோய் முற்றியதும் தீனி குறையும். தோல் எண்ணெய் தடவியது போல மினுங்கும், அடிவயிறு வெளுத்து லேசான இளஞ்சிவப்பாகும். கடைசியில் புழு செடியின் நுனிக்கு ஏறி, வயிற்றுக் கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும். தொட்டால் தோல் கிழிந்து கூழாக ஒழுகும். ஆறாம் ஏழாம் நாள் காலையில் செடி நுனிகளைப் பாருங்கள். அப்படித் தொங்கினால் மருந்து அசல்தான்.

எனக்கு உறுத்துவது நீங்கள் அடித்த நேரம். காலை பத்து மணிக்கு அடித்தால் பகல் வெயில் முழுவதும் அதன் மேல்தான். புற ஊதாக் கதிரில் இந்த வைரஸ் சீக்கிரம் செத்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் அடித்திருந்தால் ராத்திரி முழுவதும் புழு தின்றிருக்கும். போதாக்குறைக்குக் கொண்டைக்கடலை இலையே இதற்குக் கொஞ்சம் எதிரி. அந்த இலையில் உள்ள சில ஐசோஃபிளவனாய்டு பொருள்களால், தக்காளியில் காட்டும் வீரியத்தை இந்த வைரஸ் கடலையில் காட்டுவதில்லை. அதனால் கடலைக்கு அளவைக் குறைக்கவே கூடாது.

அப்புறம், புழுவின் வயது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்னப் புழுவில்தான் வைரஸ் நன்றாகப் பிடிக்கும். பெரிய புழு தோலுரிக்கும்போது நோய் தொற்றிய குடல் செல்களையும் உதிர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். தப்பியதில் சிலது ஊனமான கூட்டுப்புழுவாகும், அந்துப்பூச்சியாக வந்தாலும் முட்டை குறையலாம். அது அடுத்த தலைமுறைக்கான கணக்கு, உங்கள் இன்றைய காய்க்கு உதவாது. பெரிய புழுக்களை இப்போதே கையால் பொறுக்கிவிடுங்கள். காய்க்குள் தலையை விட்டிருக்கும் புழுவே எக்கச்சக்கமாக இருந்தால் மட்டும் எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியை லேபிளில் உள்ள அளவில் அடிக்கலாம்.

புது முட்டைகளும் பொடிப் புழுக்களும் கண்ணில் பட்டால் இரண்டாம் தெளிப்பு கொடுங்கள். ஏக்கருக்கு 200 எல்.இ. (இந்த வைரஸை அளக்கும் அலகு, பாட்டிலில் இருக்கும்) வைரஸை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, ஒரு கிலோ வெல்லமும் 200 மில்லி டீப்பால் என்ற ஒட்டு திரவமும் சேர்த்து, மாலையில் இலையும் பிஞ்சும் நனைய அடிக்க வேண்டும். வெல்லம் புழுவைத் தின்ன வைக்கும். வாங்கும்போது பாட்டிலில் ஹெலிகோவெர்பா (பச்சைக் காய்ப்புழுவின் அறிவியல் பெயர்) என்.பி.வி. என்று இருக்கிறதா பாருங்கள். புரொடீனியா புழுவுக்கு உள்ளது வேறு வைரஸ், அதைப் பச்சைக் காய்ப்புழுவுக்கு அடித்துப் பயனில்லை. மீதி மருந்தை மோட்டார் ரூம் தகரக் கூரைக்கடியில் வைத்துவிடாதீர்கள், குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வையுங்கள்.