நிற்கும் கால்களுக்கு ஒரு முக்காலி

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். ஊழியர்கள் முந்நூறு பேருக்கு மேல். அவர்களில் எழுபது பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். முட்டிவலி, சர்க்கரை, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் என்று அடிக்கடி விடுப்பு கேட்கிறார்கள். இப்போது பொறுப்புக்கு வந்திருக்கும் முதலாளியின் மகன், "வயதானவர்களைக் குடோனுக்கு மாற்றுங்கள், முடியாதவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்கிறார். பட்டுப் பிரிவில் உள்ள ஓர் அம்மாவின் கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அந்த நாள்களில் மதியம் ஒரு மணிக்கு வரட்டுமா என்று கேட்கிறார். அவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே, என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

என் சிறு வயதில், அம்மாவோடு உங்கள் பக்கத்துக் கடைகளுக்குப் பட்டு எடுக்கப் போயிருக்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் கடைக்காரர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார், எதிரே பாயில் நாங்கள். உட்கார்ந்தபடியே நாற்பது சேலை விரிப்பார். கண்ணாடி மேசைகள் வந்த பிறகுதான் விற்பவர் காலை ஒன்பது மணி முதல் இரவு பத்து வரை நிற்கத் தொடங்கினார். உங்கள் ஊழியர்களின் முட்டிவலியில் வயதுக்கு இருக்கும் பங்கைவிட அந்த நிற்கும் நேரத்துக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

உட்கார இடம் கொடுப்பது இப்போது கருணையைச் சேர்ந்த விஷயமும் இல்லை. 2021இல் தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் முக்காலி இருக்கிறதா என்று இன்று மாலையே ஒரு சுற்று பாருங்கள். இருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை என்றால், மாடி மேற்பார்வையாளரின் முகத்துக்குப் பயந்துதான். அவரிடமும் பேச வேண்டும்.

குடோன் யோசனையை நான் ஏற்கவில்லை. கட்டுத் துணியைத் தூக்கி அடுக்குவது மேசைக்குப் பின்னால் நிற்பதைவிடக் கடினம், அங்கே விற்பனைக் கமிஷனும் கிடையாது. வலியைக் கூட்டி வருமானத்தைக் குறைக்கிற மாற்றம் அது. "மூத்தவள் கல்யாணத்துக்கு அரக்குக் கரை எடுத்தீர்களே, இளையவளுக்கு மாம்பழ மஞ்சள் பாருங்கள்" என்று சொல்ல உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு யார் இருப்பார்கள்?

தொகை கொடுத்து அனுப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் முழுதாகக் கிடைப்பது 58 வயதில். பத்து ஆண்டு சேவை உள்ளவர் 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும், அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். 53 வயதில் வெளியே போய், வேறு வழியின்றி அதை வாங்கத் தொடங்குபவரின் இழப்பை ஒரு தாளில் எழுதி முதலாளியின் மகனிடம் காட்டுங்கள். முறையாக ஓய்வு பெறுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் ஐந்து ஆண்டுகளாவது இருந்தவர்கள், மாதம் பத்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். தத்தனேரி ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய்ப் பழகியவர்களிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை. விடைபெறும் நாளில் சால்வையோடு இந்த விவரத்தையும் கொடுங்கள்.

இளைய முதலாளிக்கு எண்கள் பிடிக்கும் என்றால் ஜெர்மனியின் டிங்கால்ஃபிங் ஊரில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையைச் சொல்லுங்கள். 2007இல் அங்கே ஓர் உற்பத்தி வரிசையில், சராசரி வயது 47 வரும்படி ஆட்களை அமர்த்தினார்கள். என்ன மாற்றலாம் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, பெரிய எழுத்துத் திரை என்று எழுபது சிறு மாற்றங்கள். செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. கார் ஆலையும் ஜவுளிக்கடையும் ஒன்றில்லைதான். ஆனால் ஆட்களைக் கேட்டுச் செய்தார்களே, அதை நீங்களும் செய்யலாம். எந்த அலமாரி எட்டவில்லை, எந்த பில் திரையில் எழுத்து தெரியவில்லை என்று அந்த எழுபது பேரையும் கேளுங்கள். ஏணி ஏற ஓர் இளைஞர், சேலை விரிக்க ஒரு மூத்தவர் என்று இணைத்துப் பாருங்கள். அப்படிச் செய்தால் கமிஷனை இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பையன் வெறும் எடுபிடியாகிவிடுவான்.

இனி, எல்லோரும் கேட்பார்களே என்ற பயம். கேட்கட்டும். அவர்கள் வீட்டிலும் நோயும் முதுமையும் இருக்கின்றன. யார் முகத்தைப் பார்த்து யாருக்குக் கொடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான். யார் எந்த நாள், எந்த நேரம் வருவது என்ற மாத முறைப்பட்டியலை ஒவ்வொரு பிரிவும் தானே எழுதட்டும். கூட்டம் எப்போது வரும் என்று பஞ்சாங்கமே சொல்லிவிடுகிறதே! வைகாசி முகூர்த்தங்களிலும் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் எல்லோரும் வேண்டும். மார்கழியில் பட்டுப் பிரிவு காற்று வாங்கும். நீண்ட விடுப்பை அங்கே வைக்கலாம். தொலைவிலிருந்து வரும் மூத்தவர்களைக் கூட்டமில்லாத நாள்களில் ஏழு மணிக்கே அனுப்பினால், நெரிசல் பஸ்ஸில் தொங்காமல் போவார்கள்.

பட்டுப் பிரிவு அம்மாவுக்கு முறைப்பட்டியல் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. டயாலிசிஸ் தள்ளிப் போடக்கூடியதும் இல்லை. அந்த இரண்டு நாளும் மதியம் ஒரு மணிக்கு வரலாம், சம்பளப் பிடித்தம் இல்லை என்று இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள்.