சிஸ்டமிக், சிஸ்டமேட்டிக்: இரண்டும் ஒன்றா?

கேள்வி: செய்திகளில் அடிக்கடி வரும் சிஸ்டமிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? சிஸ்டமேட்டிக் என்பதும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை, வேறு வேறு. சிஸ்டமேட்டிக் என்றால் திட்டம் போட்டு, முறைப்படி ஒவ்வொன்றாகச் செய்வது. சிஸ்டமிக் என்றால் ஓர் இடத்தோடு நிற்காமல் அமைப்பு முழுவதிலும் ஊடுருவி இருப்பது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இது அன்றாடச் சொல். ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு பெரும்பாலும் தடவிய இடத்தில்தான் வேலை செய்யும். அதே ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசோனை மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். அதுதான் சிஸ்டமிக். "கையிலதானே அரிப்பு, சர்க்கரை ஏன் ஏறுது?" என்று ஓர் ஆயா கேட்டார். மிக நல்ல கேள்வி. மாத்திரை கையோடு நிற்பதில்லை. கல்லீரலுக்கும் போய், அங்கே சர்க்கரை உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது.

வங்கித் துறையில் சிஸ்டமிக் ரிஸ்க் என்பார்கள். ஒரு வங்கி சாய்ந்தால் மற்றவையும் சேர்ந்து சாயும் ஆபத்து அது. 2008ல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது உலகமே பயந்தது இதற்குத்தான்.

இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊரிலேயே கண்ணுக்குத் தெரியும். 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியக் குடும்பங்கள் நகரின் ஓரத்தில் இருந்த சாட்ஸ்வொர்த்துக்கும், கறுப்பின மக்கள் அதேபோல் ஓரத்தில் இருந்த க்வாமாஷுவுக்கும் அனுப்பப்பட்டார்கள். கோப்பு, உத்தரவு, லாரி என்று எல்லாம் முறைப்படி நடந்தது. அது சிஸ்டமேட்டிக். 1991ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் வீடு ஓரிடம், வேலை ஓரிடம் என்று விடியுமுன்னே மினிபஸ் டாக்சிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இன்றும் அந்தப் பழைய கோட்டைத்தான் தாண்டி வருகிறார்கள். இதற்கு இப்போது யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. தானாக நடக்கிறது. இது சிஸ்டமிக். இதைச் சொன்னால் "இப்போ எந்தச் சட்டம் தடுக்குது?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, எப்போது பயன்படுத்துவது? பொறுப்பில் இருக்கும் ஆளை மாற்றினால் கோளாறு தீருமா என்று பாருங்கள். தீருமென்றால் அது அந்த ஆளின் கோளாறு, சிஸ்டமிக் என்று எழுத வேண்டாம். ஆள் மாறியும் அதே கோளாறு தொடர்ந்தால் தாராளமாக எழுதலாம். தமிழில் எழுதும்போது மருந்துக்கு 'உடல் முழுவதும் பரவும்' என்றும், சமூகத்துக்கு 'அமைப்பிலேயே ஊறிய' என்றும் எழுதுவது எனக்குப் பிடிக்கும்.